பெல் இருந்த சுவர்

சுவரில் ஒயர் தொங்கினால் எனக்குக் கண்ணை உறுத்தும். அதனால் டிவி வாங்கியபோதே, ஒரு ஒயர்கூட வெளியே தெரியக் கூடாது என்று ஜீவாவிடம் சொல்லிவிட்டேன். எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுப்பவன் அவன். நிதானமாக வேலை செய்வான்.

நீங்கள் கேட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் சார். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து ஆழ்துளைக் கிணறு போடும் போர்வெல் வண்டியில் டிரில்லராக இருந்தார். வடக்கே வேலைக்குப் போன இடத்தில் வண்டி மேலிருந்து விழுந்து கழுத்தெலும்பு போய்விட்டது. ஆறு வருடமாகப் படுக்கை. வலது கையில் கொஞ்சம் அசைவு உண்டு. பேச்சு மூச்சுக்காற்றுபோல வரும். அடுத்த அறைக்குக் கேட்காது. தொண்டையில் சளி அடைத்தால் நான் போய் மிஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்காகத்தான் அவர் விரலடியில் ஒரு சுவிட்சும் ஹாலில் ஒரு பெல்லும் வைத்திருந்தோம். ஒரு நாளைக்கு முப்பது முறையாவது அடிக்கும். முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அடிக்கும். நான் கோபித்துக்கொண்டதில்லை.

டிவி மாட்ட வேண்டிய இடத்தில் அந்த பெல் இருந்தது. ஜீவா கரண்ட் ஒயர், செட்டாப் பாக்ஸ் ஒயர் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பட்டிக்குள் அடக்கினான். பிறகு, கழற்றிய பெல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இத எங்கீங்க மாட்டறது?"

"இருக்கட்டும் ஜீவா. அப்பறம் பாத்துக்கலாம்."

"அண்ணன் கூப்புட்டா எப்புடீங்க தெரியும்?"

"நான் ஊட்லயேதான இருக்கறேன்."

பெல் ஒயரின் முனையில் டேப் சுற்றிப் பட்டிக்குள் தள்ளி மூடிவிட்டுப் போனான். அவன்மேல் தப்பில்லை.

சாயங்காலம் இவர் கேட்டார். "பெல்லு?"

"சமையக்கட்டுல மாட்டிருக்குதுங்க. சத்தம் இங்க கேக்காது. இப்ப அமுக்கிப் பாருங்க."

நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வேகமாகத் திரும்பி வந்தேன். அவருக்குச் சந்தோஷம். சிரித்தார்.

மூன்று நாள் வீடு அமைதியாக இருந்தது. மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். உடம்பு துடைத்தேன், துணி மாற்றினேன். இரண்டாம் நாள், "அமுக்குனேன்" என்றார். "கரண்டு இல்லீங்க" என்றேன். நம்பினார்.

நான்காம் நாள் மத்தியானம் கஞ்சி ஊட்டிவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தேன். டிவி அணைந்திருந்தது. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் என் முதுகுக்குப் பின்னால் இருந்த அறைக்கதவு தெரிந்தது. கட்டில் தெரிந்தது. அவர் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. கட்டைவிரல் சுவிட்சை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தது.

தூங்கிவிட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னது பொய். நான் விழித்துத்தான் இருந்தேன். ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டேன். படம் வந்ததும் கட்டில் தெரியவில்லை.