நுரைக்கான சர்க்கரை

தெல்மா: சர்க்கரை எத்தனை கிராம் போட்டீங்க, ஹெட்லி?

ஹெட்லி: நூத்தம்பது. இருபத்தஞ்சு லிட்டர் ஆப்பிள் சைடர் பாட்டிலுக்குள்ள நுரைக்க அது போதும்.

தெல்மா: போன வருஷம் மாதிரி...

ஹெட்லி: அந்தக் கதைய ஆரம்பிக்காதீங்க.

தெல்மா: கொட்டகையில துப்பாக்கிச் சூடுன்னு பாதிரியார் செருப்பு இல்லாம ஓடி வந்தாரே!

ஹெட்லி: பதினோரு பாட்டில்தான் வெடிச்சுது.

தெல்மா: பதினொண்ணு, அதுல "தான்" வேற!

ஹெட்லி: "இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி"ன்னு சர்க்கரையப் போட்டது யாராம்?

தெல்மா: சரி, சரி... பாகு ஆறிடுச்சா?

ஹெட்லி: நீங்க பாட்டில் கழுவப் போனப்பவே டிரம்முல ஊத்திட்டேன். குழாயப் பிடிங்க. மெதுவா... சலசலன்னு விழுந்தா காத்து கலந்துடும்.

தெல்மா: நம்ம ரெண்டு தோட்டத்து ஆப்பிளையும் ஒண்ணாப் பிழிஞ்சு ஆறு வருஷம் இருக்குமா?

ஹெட்லி: ஏழு. உங்க வீட்டுக்காரர் ஆலன் தவறின வருஷத்துல இருந்து.

தெல்மா: ஏழா...

ஹெட்லி: நீங்க குடியேறப் போற கனடாவுல ஆப்பிள் எப்படியாம்?

தெல்மா: ரோட்ரி வீட்டுப் பக்கம் கடையில கிடைக்குமாம். மெழுகு தடவினது.

ஹெட்லி: அம்மாவக் கூப்பிட விமான நிலையத்துக்கு வருவானா?

தெல்மா: மகன் வராம? ...பாட்டில நீட்டுங்க. வாயில ரெண்டு விரக்கடை காலியா விடணும்.

ஹெட்லி: எனக்கே பாடமா!

தெல்மா: கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

ஹெட்லி: எதுக்கு?

தெல்மா: தள்ளுங்கன்னா... முதுகுக்குப் பின்னால என்ன அது?

ஹெட்லி: ஒண்ணுமில்ல. கழுவாத பாத்திரம்.

தெல்மா: கழுவாத பாத்திரத்த எதுக்குத் தட்டு போட்டு மூடணும்? கைய எடுங்க... ஹெட்லி! பாகு அப்படியே இருக்கு! அப்ப டிரம்முல என்னத்த ஊத்தினீங்க?

ஹெட்லி: வெந்நீர்.

தெல்மா: சர்க்கரை இல்லாம பாட்டிலுக்குள்ள ஈஸ்ட் எதைத் தின்னும்? எங்க இருந்து நுரைக்கும்? எத்தனை மாசம் வச்சாலும் சும்மாதானே கிடக்கும்!

ஹெட்லி: தெரியும்.

தெல்மா: தெரிஞ்சேவா?

ஹெட்லி: "முதல் பாட்டில் டப்புன்னு திறக்கறதப் பாத்துட்டுத்தான் விமானம் ஏறுவேன்"னு நீங்கதானே சொன்னீங்க... சிரிக்காதீங்க.

தெல்மா: யாரு சிரிச்சா?

ஹெட்லி: அறுபத்தெட்டு வயசுல திருட்டுத்தனம். தப்புதான். அங்க பேரப்பிள்ளைங்க வழி பாத்துட்டு இருப்பாங்க... பாத்திரத்தக் குடுங்க, ஊத்திடறேன்.

தெல்மா: வாயத் திறந்து "போகாதீங்க"ன்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு?

ஹெட்லி: பக்கத்து வீட்டுக்காரன்... எந்த உரிமையில சொல்றது?

தெல்மா: சொல்லித்தான் பாருங்களேன்.

ஹெட்லி: இப்பவா? கையெல்லாம் பிசுபிசுன்னு...

தெல்மா: இப்பத்தான்.

ஹெட்லி: ...போகாத, தெல்மா.

தெல்மா: வரலன்னு ரோட்ரிகிட்ட ஈஸ்டர் அன்னைக்கே சொல்லிட்டேன். டிக்கெட்டையும் ரத்து பண்ணியாச்சு. நாலு வாரமா... இந்த ஒரு வார்த்தைய நீ எப்பச் சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்.