ஒரு சோடி மிஞ்சுது

...இவ்வளவு நேரம் திட்டத்தைப் பத்திச் சொன்னேன். அதை இப்போ கொஞ்சம் ஓரமா வச்சுட்டு, ஒரு குட்டிக் கதை சொல்லிக்கிடட்டுமா? சின்னதுதான். குரல் நடுங்கினா பொறுத்துக்குங்க. இவ்வளவு பெரியவங்க முன்னாடி நான் பேசினதே இல்லை.

போன வருஷம் கோடை லீவுக்கு நம்ம பேரூராட்சி ஒரு வேலைத் திட்டம் கொண்டு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பரீட்சை முடிச்சுட்டுச் சும்மா இருக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு மாசம் வேலை, கையில சம்பளம். சில பேரு நூலகத்துக்குப் போனாங்க. சில பேரு பஸ் ஸ்டாண்ட் தண்ணீர்ப் பந்தலுக்குப் போனாங்க. வடக்குத் தெரு இசக்கியை ஆத்துப் படித்துறையில உட்கார வச்சாங்க.

ஏன் படித்துறை? லீவு விட்டா நம்ம ஊர்ப் பிள்ளைங்க எங்கே கிடக்கும்? ஆத்துலதான். கோடை வந்தா ஏதாவது ஒரு வீட்ல அழுகைச் சத்தம் கேக்கும்... கேக்குமா, கேக்காதா? நீங்களே சொல்லுங்க.

இசக்கி மீன் மாதிரி நீந்துவா. தீயணைப்புக்காரங்க பயிற்சி கொடுத்தாங்க. ஒரு விசில், நீளமா ஒரு கயிறு, காத்தடைச்ச ஒரு லாரி டியூப். அவ்வளவுதான் அவ ஆபீசு.

விசிலை ஊதினா... ஒருத்தனாவது கேட்டானா? அவகூடப் படிச்ச சுடலைன்னு ஒருத்தன். நடு ஆத்துல நின்னுக்கிட்டுக் கத்துறான். "ஏட்டி இசக்கி! விசிலடிச்சா மீனு வருமாட்டி?"

அவ யோசிச்சா. தண்ணிக்குள்ள தலையை எண்ண முடியாது. ஒண்ணு முங்கும், ஒண்ணு எந்திரிக்கும். அப்போ எதை எண்ணலாம்?

"எல, எல்லாரும் கேளுங்க! செருப்பை மேல்படியில வரிசையா விட்டுட்டு இறங்கணும். ஏறினா மாட்டிக்கிட்டுப் போகணும். செருப்பு இல்லாதவன் துண்டை வை. படியில கிடந்தா ஆளு தண்ணிக்குள்ள இருக்கான்னு அர்த்தம்."

சுடலை விழுந்து விழுந்து சிரிக்கான். "செருப்புக்குக் காவலா? கோயில் வாசல்ல உக்காந்தாலாவது டோக்கன் கொடுக்கலாம்ட்டி!" அன்னையிலருந்து அவளுக்குப் பேரே 'செருப்புக் கலெக்டர்'தான்.

ஒரு நாள் சாயங்காலம். எல்லாரும் ஏறியாச்சு. படியில ஒரு சோடி மிஞ்சுது. சின்னச் செருப்பு. வாரு அறுந்து, ஊக்கு குத்தியிருக்கு. இசக்கி கூப்பிட்டுப் பார்த்தா... பதில் இல்லை. விசிலை ஊதினா... பதில் இல்லை. குதிச்சிட்டா! முங்கித் தேடுறா, எந்திரிச்சு மூச்சு வாங்குறா, திரும்ப முங்குறா. ஊரே கரையில கூடிருச்சு.

அந்தச் செருப்புக்காரன் எங்கே இருந்தான் தெரியுமா? வீட்ல. ஊக்கு காலைக் குத்துதுன்னு செருப்பை விட்டுட்டு, வெறுங்காலோட போய்ப் பழைய சோத்தைத் தின்னுக்கிட்டிருந்தான்.

சிரிக்கிறீங்களா? அன்னைக்கும் இப்படித்தான் சிரிச்சாங்க. "பிஞ்ச செருப்பை நம்பிக் குதிச்சாளாம்! இதுக்கொரு சம்பளமா வே?"ன்னு டீக்கடையில பேசினாங்க. இசக்கி நனைஞ்ச பாவாடையோட அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போனா. இனிமே அந்தப் படித்துறைப் பக்கம் போகவே கூடாதுன்னு நினைச்சா.

மறுநாள் காலையில அந்தப் பொடியனோட அம்மா வந்தாங்க. பையன் காது அவங்க கையில. இசக்கியையும் கூட்டிக்கிட்டு நேரா படித்துறைக்குப் போனாங்க.

"சிரிச்சவுகள்லாம் வாங்க! எம்புள்ள செருப்பு மிஞ்சுச்சுன்னு இவ தண்ணிக்குள்ள குதிச்சிருக்கா. நான் பெத்தவ... எனக்கு அவன் எங்க இருக்கான்னே தெரியல. சொல்லுங்க, இதுல சிரிக்க என்ன இருக்கு?"

அதுக்கப்புறம் ஒரு பிள்ளைகூட செருப்பை மறந்து போகலை. "எல, உன் செருப்பை எடு. இல்லன்னா இசக்கியக்கா குதிச்சிரும்"னு ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிடுச்சு.

இப்போ யோசிச்சுப் பாருங்க. யாருமே செருப்பை மறக்காத ஒரு படித்துறையில... திரும்பவும் ஒரு சோடி மிஞ்சினா?

மிஞ்சுச்சு. அதைப் பார்த்தது யாரு? சுடலை! கரையேறித் தன் செருப்பை மாட்டப் போனவன், அப்படியே நின்னுட்டான். "இசக்கீ! ஒரு சோடி மிஞ்சுதுட்டி!"

அன்னைக்கு யாரும் சிரிக்கலை. கயித்தைச் சுடலை பிடிச்சான். டியூபோட இசக்கி குதிச்சா. ஆத்துக்குள்ள நிக்கிற கல்மண்டபத்துத் தூணுக்குப் பின்னாடி, ஒரு வேரைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பையன் தொங்கிக்கிட்டிருந்தான். வாய் வரைக்கும் தண்ணி. கத்த முடியலை. இழுத்துப் போட்டாங்க. இருமினான்... அழுதான்... பிழைச்சுட்டான்.

அவன் என் தம்பி. இதைச் சபையில சொல்லாதேன்னு வீட்ல சொன்னாங்க. சொல்லிட்டேன்.

முன்வரிசையில இருக்கிற மாமா கொஞ்சம் முன்னாடி கேட்டீங்க. "போன வருஷம்தான் ஆத்துல ஒருத்தரும் சாகலையே, பிறகு எதுக்கு இந்த வருஷம் காவலு, சம்பளமெல்லாம்?" மாமா... கோபப்படாதீங்க. சாகலைங்கிறதுதான் அவ செஞ்ச வேலை. அந்த வேலைக்குக் கண்ணுக்குத் தெரியுற அடையாளமே கிடையாது.

இசக்கி இப்போ நர்சிங் படிக்கா. ஆளைக் காப்பாத்துறது தன்னால முடியும்னு அவளுக்கு எங்கே தெரிஞ்சுது? அந்தப் படியில. இந்த வருஷம் அதே வேலைக்கு முதல் ஆளா பேர் கொடுத்திருக்கிறது யாரு தெரியுமா? சுடலை. வெட்டியாத் திரியுறான்னு நீங்க திட்டின சுடலைதான். பிள்ளைங்க கையில ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்க. அதைக் கீழே போட மாட்டாங்க.

இந்தத் திட்டம் வேணுமா வேண்டாமான்னு இப்போ கை தூக்கப் போறீங்க. கூட்டம் முடிஞ்சு வெளியே போறப்போ மண்டப வாசல்ல அவங்கவங்க செருப்பை மாட்டுவீங்க. அப்போ ஒரு நிமிஷம் நின்னு திரும்பிப் பாருங்க. ஒரு சோடிகூட மிஞ்சலைன்னா, எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போறோம்னு அர்த்தம்.

ஆத்துப் படியில அப்படித் திரும்பிப் பார்க்கிறதுக்கு... ஒரு பிள்ளையை உட்கார வையுங்க.