கொம்பு நட்ட கடல்

…ஒண்ணே ஒண்ணு! காபியோட ஒரே ஒரு பிஸ்கட்டு. எடுத்த உடனே டப்பாவ மூடிருவான் எங்க கேப்டன், டொப்புன்னு! நான் கேக்குறேன், அது பிஸ்கட் டப்பாவா, பேங்க் லாக்கரா? வீட்டுல மூடினா சரி, எல்லாரும் மூடறதுதான், எங்கம்மா மூடினா, நானும் மூடினேன். ஆனா கடல்லயுமா? பாய்க் கயித்த இழுத்து இழுத்து தோள்பட்ட கழண்டு வந்து உக்காந்தவளுக்கு ஒரே ஒரு பிஸ்கட்டா? நீ உக்காரும்மா, உக்காரு. ஈரமாத்தான் இருக்கும். இந்தத் தீவுல காஞ்ச பெஞ்சுன்னு ஒண்ணு கெடையாது.

அந்த மஞ்ச மழைக்கோட்டப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு எனக்கு, எங்க கப்பலுக்கு வந்தவன்னு. எல்லாருக்கும் ஒரே அளவுல அனுப்பிடறாங்க. உனக்குக் கூடாரம் மாதிரி தொங்குது, எனக்குத் தலகாணி உறை மாதிரி பிடிக்குது. பழுப்புப் பாய் சுருட்டி வச்சு, அதோ, மீன் வறுக்கற கடைக்கு எதிர்ல கட்டியிருக்கு பாரு, அதான் கப்பல். அடிப்பக்கம் தட்டையா, வாத்து மாதிரி. பேரென்ன உனக்கு? …ஃபெம்கேவா. நல்ல பேரு. நான் ரென்ஸ்கே. எவ்ளோ நாளாச்சு, உனக்கு எம்.எஸ். வியாதின்னு டாக்டர் சொல்லி? …இந்த வசந்தத்துலயா! அட, புத்தம் புதுசு. உறையே பிரிக்கல இன்னும். எனக்கு இருபது வருஷம் ஆகப்போகுது.

பக்கத்து வீட்டுக்காரன் ஒருநாள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு கேட்டான், அது என்னதான் வியாதி ரென்ஸ்கேன்னு. நான் சொன்னேன், ஒயருக்கு மேல இருக்கற உறைய எலி கடிச்சா என்ன ஆகும்? ஒருநாள் லைட்டு எரியும், ஒருநாள் மினுக்கும், ஒருநாள் அடுப்பப் போட்டா ரேடியோ பாடும். அதேதான், ஒயருக்குப் பதிலா நரம்பு. எலி எங்கேர்ந்து வந்துதுன்னான். எலி வெளியேர்ந்து வரலப்பா, எலியும் நானேதான்னேன். அன்னிலேர்ந்து அவன் குப்பை போடக்கூட வேற பக்கமாப் போறான்.

என்ன பாக்கற? இவ ஏன் பெட்டியும் கையுமா இங்க உக்காந்திருக்கான்னா? போறேன். வீட்டுக்கு. அடுத்த ஃபெர்ரி வந்ததும் ஏறிடுவேன். போதும்மா சாமி, போதும்! கோடைகாலத்துல பட்டாணிச் சூப்பு குடிச்சிருக்கியா? கரண்டிய நட்டா கொடிக்கம்பம் மாதிரி நிக்கும். படுக்கையா, அலமாரி தட்டுக்கு மெத்த போட்டு வச்சிருக்காங்க. எனக்கு எதிர்த் தட்டுல வில்லமைன். அவ கொறட்ட விடறது இருக்கே, நங்கூரச் சங்கிலிய இழுக்கறாங்கன்னு நெனச்சு மொத நாள் எழுந்து மேல ஓடிட்டேன். ஓடிட்டேன்னா… ஓடல. நம்ம ஓட்டம் உனக்குத் தெரியும். அப்பறம் அந்தக் கழிப்பற பம்ப்பு! அடிக்கணும், அடிக்கணும், அடிச்சுக்கிட்டே இருக்கணும். நமக்கோ வந்தா தாங்காது, அவசரம். அந்த அவசரத்துல எந்தக் கைப்பிடி உள்ள, எந்தக் கைப்பிடி வெளியன்னு யோசிக்க முடியுமா? நான் ஒருதடவ மாத்தி… சரி, அத விடு. நீ இன்னும் சாப்பிட்டிருக்க மாட்ட.

கைத்தடி கொண்டாந்திருக்கியா? இல்லயா, இன்னும் அந்தக் கட்டம் வரலியா. சந்தோஷம். ஏறினதும் எல்லாரோட தடியவும் வாங்கி ஒரு பீப்பாயில போட்டுடுவான் ஹார்மென். ஹார்மென்தான் கேப்டன். நம்மள்ல அவன் ஒருத்தனுக்குத்தான் வியாதி கெடையாது, பாவம், சில நேரம் அவனுக்கே கூச்சமா இருக்கும். கப்பல்ல தடி எதுக்குங்கறான். எங்க பாத்தாலும் கயிறு, கம்பி, பிடிச்சுக்கிட்டேதானே எல்லாரும் நடக்கணும்? அலை அடிச்சா அவனும்தான் தள்ளாடறான். எல்லாரும் தள்ளாடற எடத்துல நோயாளி யாரு? அது… அது என்னமோ நல்லாத்தான் இருக்கு. கரையில எறங்கினாத்தான் வம்பு, என் தடிய வேற யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்க.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். அந்தக் காலைக் கணக்கு ஒண்ணு இருக்கே! காலைல காபி ஊத்தினதும் ஆரம்பிப்பான். சுத்தி உக்காந்து, ஒவ்வொருத்தரும் சொல்லணும், இன்னிக்கு என்ன ஓடலன்னு. வானிலை அறிக்க மாதிரி. "எனக்கு எடது கால் லீவு." "எனக்கு வலது கை, கூடவே ஞாபகம்." "எனக்கு எல்லாம் ஓடுது, ஆனா பத்து மணிக்கு மேல பேட்டரி இருக்காது." யாரும் உச் கொட்டக் கூடாது. ஒருத்தி மொத நாள் "அடப்பாவமே"ன்னா பாரு, வில்லமைன் மேசைய அடிச்ச அடியில காபி கொட்டிப்போச்சு. "பாவம் பாக்கறதுக்கு எங்கக்கா வீட்டுலயே இருக்கா, அதுக்கா நான் கடலுக்கு வந்தேன்"னா.

எல்லாரும் சொன்னப்பறம் ஹார்மென் ஜோடி சேப்பான். கை ஓடறவங்களோட கண்ணு ஓடறவங்க, கால் இல்லாதவங்களோட கால் இருக்கறவங்க. எட்டு ஓட்டை ஆளுங்கள ஒட்டி நாலு முழு ஆளத் தேத்திருவான். கேக்க அழகா இருக்கில்ல? அழகுதான். ஆனா ஒண்ணு, அவங்கவங்க உண்மையச் சொன்னாத்தான் கணக்கு நிக்கும்.

ம்? ஒண்ணும் இல்ல. குளிருதா உனக்கு? இந்தா, உப்பு மிட்டாய். எடுத்துக்கோ. இன்னொண்ணும் எடுத்துக்கோ, நான் ஹார்மென் இல்ல.

நான் பஸ் ஓட்டினேன், சொன்னேனா? லீவார்டன்ல. ஊருக்குள்ள ஓடற வண்டி இல்ல, கிராமத்துப் பக்கம் போற நீளமான வண்டி. ரெண்டு பக்கமும் மரம், நடுவுல நேர் ரோடு, குறுக்க எப்பவாவது ஒரு மாடு. இந்த வியாதி வந்து மொதல்ல பஸ்ஸ வாங்கிட்டாங்க. சரின்னேன். அப்பறம் காரு. சரின்னேன். மூணு சக்கர சைக்கிள் இருந்துது, போன வருஷம் அதையும் ஒரு ரோஜாச் செடிக்குள்ள விட்டேன், என் தங்கச்சி வித்துட்டா. அப்பறம் இந்தக் கப்பல்ல ஏறறேன், மொத நாளே ஹார்மென், "யாரு சுக்கான் பிடிக்கறீங்க?"ங்கறான். கைய மொதல்ல தூக்கினது நான்தான். அந்தச் சக்கரம் பஸ் சக்கரத்த விடப் பெருசும்மா. திருப்பினா கொஞ்சம் யோசிச்சு அப்பறம் திரும்பும், கெழட்டுக் குதிரை மாதிரி. ஆனா திரும்பும். நான் சொன்ன பக்கம் திரும்பும்! இப்பல்லாம் எங்க வீட்டுல நான் சொன்னா பூனகூடத் திரும்பறதில்ல.

கேளு. நேத்துக் காலைல கண்ணத் தெறக்கறேன், ஹார்மெனுக்கு ரெண்டு மூக்கு. லேசாத்தான், ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டினாப்ல. தெரியும் எனக்கு, பழைய விருந்தாளி, முன்னாடியும் வந்து தங்கிட்டுப் போயிருக்கு. ஒரு கண்ண மூடிக்கிட்டா எல்லாம் ஒண்ணாயிடும். ஆனா மூடினா எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். என் முறை வந்துது. "ரென்ஸ்கே, இன்னிக்கு உனக்கு என்ன ஓடல?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் ஓடுது"ன்னேன். சிரிச்சுக்கிட்டே.

எதுக்கா? கண்ணு சரியில்லன்னு சொன்னா சுக்கான் போயிடும்! வேற எதுக்கு!

சரின்னு என்னை சுக்கான்ல நிறுத்தி, எனக்கு ஜோடியா கெர்பென விட்டான். கெர்பென் யாருன்னா, உயரமா, ஒட்டகச்சிவிங்கி மாதிரி ஒருத்தன், கணக்கு வாத்தியாரா இருந்தவன். அன்னிக்கு அவன் உண்மையச் சொல்லிட்டான், "எனக்குக் கண்ணு மங்கல், கை ரெண்டும் நல்லா இருக்கு"ன்னு. எனக்குக் கை சீக்கிரம் சோந்துபோகும்னு ஹார்மெனுக்கே தெரியும், கண்ணு… கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கேன். ஹார்மென் கணக்குப்படி என் கண்ணு, அவன் கை. நெசத்துல? ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கண்ணு இல்ல. கப்பல் போகுது.

நம்ம கடல் உனக்குத் தெரியும், தண்ணி வத்தினா பாதி மணல். சின்னக் கால்வாயில எல்லாம் ஒரு ஓரமா மட்டும் கொம்பு நட்டு வச்சிருப்பாங்க, மரக்கிளை, சேத்துக்குள்ள, ஒரே வரிசையா. அந்த வரிசைக்கு ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் மணல் திட்டு. கொழந்தைக்கும் தெரியும். நேத்துன்னு பாத்து வெயிலு! வெயிலு ஏறினா நமக்கு என்ன ஆகும்னு டாக்டர் சொல்லியிருப்பாரு. ஏற ஏற மூக்கு மட்டுமில்ல, எல்லாமே ரெண்டாப் பிரிஞ்சுபோச்சு. ஒரு வரிசைக் கொம்பு எனக்கு ரெண்டு வரிசையாத் தெரியுது. ரெண்டு பக்கமும் மரம். நடுவுல நேர் ரோடு! அடடா, என்ன அழகா இருந்துது தெரியுமா! எவ்ளோ வருஷம் கழிச்சு! நடு ரோட்டுல விட்டேன் பாரு, என் பஸ்ஸ…

சத்தமே இல்ல. மெத்த மேல உக்காந்தாப்ல உக்காந்துது கப்பல். தண்ணி வேற வத்திக்கிட்டிருந்த நேரம். இனி ஏத்தம் வந்து தண்ணி ஏறினாத்தான் மெதக்கும்.

ஹார்மென் மேல வந்தான். தண்ணியப் பாத்தான். கொம்பப் பாத்தான். என்னைப் பாத்தான். திட்டுவான்னு காத்துக்கிட்டு நிக்கறேன். "சரி, இன்னிக்கு இங்கயே சாப்பிடலாம்"னான்! ரேடியோல கூப்பிட்டுக் கேட்டவங்களுக்கு, "ஒண்ணுமில்ல, வேணும்னுதான் மணல்ல உக்காத்தியிருக்கோம்"னு சொல்லிட்டான். ஒரு கோவம் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்படி ஒரு மனுஷன் இருந்தா எப்படி நிம்மதியா இருக்கறது, சொல்லு?

கொஞ்ச நேரத்துல தண்ணி போயிடுச்சு. கண்ணுக்கெட்டின தூரம் மணலு, பளபளன்னு. எல்லாரையும் ஏணி வச்சு எறக்கினோம். வில்லமைன கயித்து ஊஞ்சல்ல எறக்கி, பிளாஸ்டிக் சறுக்குவண்டியில வச்சு இழுத்தோம், ராணி மாதிரி. சக்கர நாற்காலி மணல்ல போகாதில்ல, கடல் மணலக் காலால தொட்டே வருஷக்கணக்காச்சாம். வண்டியிலேர்ந்து உருண்டு விழுந்து, மல்லாந்து படுத்துட்டா. தூக்கப் போனா, "தொட்டீங்க, கடிச்சிருவேன்"ங்கறா. அங்கேயே படுத்துக்கிட்டு பட்டாணிச் சூப்பு குடிச்சா. கன்னத்துல வழியுது, காதுல போகுது, சிரிக்கறா. எல்லாரும் என் முதுகத் தட்டறாங்க, "ரென்ஸ்கே, எங்கேர்ந்தும்மா புடிச்ச இந்த எடத்த!"ங்கறாங்க. நானும் சிரிச்சேன். என்ன பண்றது.

அதோட போயிருந்தா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்? ராத்திரியே ஏத்தத்துல மெதந்து இங்க வந்து கட்டிட்டோம். இன்னிக்குக் காலைல கணக்கு. கெர்பென் முறை. காபிக் கோப்பையவே பாத்துக்கிட்டு சொல்றான், "நேத்து மணல்ல ஏறினது என் கண்ணாலதான். ரென்ஸ்கே பக்கத்துல நின்னு கொம்பப் பாக்க வேண்டியது என் வேலையும்தான். நான் பாக்கல. அடுத்த தடவ பாறையா இருந்தா? நான் கரையில எறங்கிக்கறேன்"னு. எல்லாரும் வேண்டாம்பா, விடுப்பாங்கறாங்க. அவன் கேக்கல. அவனுக்கு வீட்டுல யாருமில்லம்மா. வருஷம் பூரா இந்த ஒரு வாரத்த எண்ணிக்கிட்டு இருப்பான், அவனே சொல்லியிருக்கான், கணக்கு வாத்தியார்ல.

நான்… நான் பிஸ்கட்டத் தின்னுக்கிட்டிருந்தேன். "எல்லாம் ஓடுது"ன்னேன் மறுபடியும். அப்பறம் கீழ எறங்கிப்போய், சூப்பு சரியில்ல, படுக்க சரியில்ல, நான் போறேன்னு பெட்டியக் கட்டிட்டேன். நான் போயிட்டா அவன் இருந்துடுவான்னு நெனச்சேன். அப்படி நெனச்சேனா, இல்ல அவன் மூஞ்சியப் பாக்க முடியாம ஓடி வந்தேனா… ரெண்டும்தான்.

அப்படிப் பாக்காத. உன்னையும்தான் இவ்ளோ நேரமா ரெண்டு பேராப் பாத்துக்கிட்டிருக்கேன். ரெண்டு பேருமே வாயத் தெறக்க மாட்டேங்கறீங்க!

ஒருத்தியாவது ஏதாவது சொல்லக்கூடாதா? "பரவால்ல ரென்ஸ்கே"ன்னு சொல்லேன். மாட்டியா? சரி, மாட்டாத. எனக்கு என்ன பயம்னா, சொல்லிட்டேன்னு வையி, சுக்கான் போச்சு. அதோட முடிஞ்சுது. இனிமே நான் திருப்பி ஒண்ணு திரும்பறதுங்கறது இந்த ஒலகத்துல… குழாயத் தவிர ஒண்ணும் இருக்காது. அது உனக்கு இப்பப் புரியாது. புரிய வேண்டாம்.

அதோ, ஃபெர்ரி வந்துடுச்சு. கதவத் தெறக்கறான். என் பெட்டி எங்க… யாரது வரது, உயரமா? கப்பல் பக்கத்துலேர்ந்து? பெட்டிய இழுத்துக்கிட்டு? ஏம்மா ஃபெம்கே, உனக்கு நல்ல கண்ணு, கொஞ்சம் பாத்துச் சொல்லு, ஒட்டகச்சிவிங்கி மாதிரியா இருக்கான்? அய்யய்யோ, அவனேதான். நேரா ஃபெர்ரிக்குப் போறானே! அவனுக்கு நான் இங்க இருக்கறது தெரியாது, மங்கல். எனக்கு ரெண்டு கெர்பென் போறான். எவனைப் பாத்துக் கத்தறது? என் கையப் பிடிச்சு எழுப்பி விடு, காலு மரத்துப்போச்சு… ஃபெம்கே? ஏ பொண்ணே?

எங்க போயிட்ட?

ஏ! ஏ, நில்லு! ஓடாதடி, இன்னும் ஓட முடியுதுன்னு திமிரா! கெர்பென் பெட்டிய ஏன் பிடிக்கற, விடு அவன! என்னத்தச் சொல்லப்போற அவங்கிட்ட? வாய மூடு! இவ்ளோ நேரம் மூடிக்கிட்டுத்தானே இருந்த, இன்னும் ஒரு நிமிஷம் மூடிக்கிட்டு இரேன்! அத நான்தான் சொல்லணும். நான்! இதோ வரேன்… கெர்பென், அவ சொல்றதக் கேக்காத, அவ நேத்து கப்பல்லயே இல்ல! நான் இருந்தேன்! நான் வந்து சொல்றேன், அங்கயே நில்லு… யோவ், ரெண்டு பேரும் நில்லுங்கய்யா!