விருந்தாளி முகம்

நல்லையா: ...இது கோவம்.

விஜயராணி: அவசரப்படாதீங்க ஐயா. டேப்லெட்ல இருக்கிற போட்டோவைக் கிட்ட வச்சு நல்லாப் பாருங்க.

நல்லையா: புருவம் ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்குது. கோவந்தான்.

விஜயராணி: மூக்கைப் பாத்தீங்களா?

நல்லையா: மூக்கு... சுருங்கியிருக்கு. மேலுதடு ஏறிக் கெடக்கு. ஓ... கோவமில்ல. அருவருப்பு.

விஜயராணி: கரெக்ட்.

நல்லையா: இந்த வெள்ளைக்காரன் என்னத்தத் தின்னான், இப்புடி மூஞ்சிய வச்சிருக்கான்?

விஜயராணி: அதை அவன்கிட்டதான் கேக்கணும். அடுத்த போட்டோ...

நல்லையா: இருங்க டீச்சர். யோகராஜு வந்துட்டானா, எட்டிப் பாருங்க.

விஜயராணி: உங்க மகன் இன்னும் வரல ஐயா. சனிக்கிழமைல்ல... ஏரி ரோட்டுல வண்டி நகராது.

நல்லையா: கேஸ் சிலிண்டர் எடுத்துட்டு வாரேன்னுதான் போனான். வெள்ளனே போனவன்.

விஜயராணி: வருவாரு. இன்னைக்குக் கடைசி டெஸ்ட். அதை முடிப்போம்.

நல்லையா: மேல யாரு இருமுறது?

விஜயராணி: இந்த இல்லத்துல தங்கியிருக்கிற பெரியவங்கதான். கீழ ஹால்ல நம்ம முகம் படிக்கிற கிளாஸ், மாடியில அவங்க ரூம். உங்களுக்குத் தெரியாததா?

நல்லையா: தெரியும். சும்மா கேட்டேன்.

விஜயராணி: பாஸானா மகன் என்ன தர்றேன்னாரு?

நல்லையா: எங்க வீட்டு ஹோம்ஸ்டே வாசல்ல உக்கார விடுறேன்னான். முன்ன மாதிரி. ரூமெடுத்துத் தங்க வாரவங்ககூட ரெண்டு வார்த்தை பேசலாம்.

விஜயராணி: ரெண்டு வார்த்தையா... மறுபடியும் ரத்தம் குடிக்கிற அட்டைக் கதையா?

நல்லையா: ஏன், அதுக்கென்ன? அந்த பெங்களூர்ப் பிள்ளைக, புதுசாக் கல்யாணம் கட்டினதுக, 'சொல்லுங்க அங்கிள்'னுச்சுக. சொன்னேன்.

விஜயராணி: எவ்வளவு நேரம்?

நல்லையா: தேத்தண்ணி குடிச்சு முடியிற வரைக்கும்... பெறகு இன்னொரு தேத்தண்ணி... பெறகு மழை புடிச்சுக்கிருச்சு. மழையில எந்திரிச்சு எங்க போக?

விஜயராணி: ஐயா... அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தீங்களா?

நல்லையா: தரையப் பாத்துத்தானே பேசினேன்.

விஜயராணி: அங்கதான வந்துச்சு வினை.

நல்லையா: நான் கண்டிப் பக்கம் எஸ்டேட்டுல பொறந்தவன் டீச்சர். அங்க கங்காணி பேசுனாலும் தொரை பேசுனாலும் தரையத்தான் பாக்கணும். நிமுந்து மூஞ்சியப் பாத்தா 'என்னடா மொறைக்கிற'ம்பான். அன்னிக்குப் பேர் போட மாட்டான், கூலி போயிரும். எங்கப்பா என் பிடரியப் புடிச்சு அமுக்கி அமுக்கிப் பழக்கினாரு. கப்பலேறி இந்த மலைக்கு வந்தும்... கழுத்து அப்புடியே நின்னுபோச்சு.

விஜயராணி: இப்பதான் நிமுந்துருச்சே.

நல்லையா: ம்... நிமுந்துருச்சு.

விஜயராணி: என்ன, இழுக்கிறீங்க?

நல்லையா: அந்தப் பிள்ளைக போன்ல ஒத்த ஸ்டார் போட்டுட்டுப் போயிருச்சுகளாம். 'இடம் அருமை, பெரியவர் எழுந்து போக மாட்டேங்கிறார்'னு. மருமக மணிமேகலை படிச்சுக் காட்டினா. நான் சிரிச்சேன்.

விஜயராணி: சிரிச்சீங்களா?

நல்லையா: பாராட்டி எழுதியிருக்குன்னு நெனச்சேன்.

விஜயராணி: சரி விடுங்க... அதுக்குத்தானே இங்க வந்தீங்க. இதைப் பாருங்க. இந்தப் பொண்ணு?

நல்லையா: சிரிக்குது.

விஜயராணி: நெசமாவா, ஒப்புக்கா?

நல்லையா: ஒப்புக்கு. வாய் மட்டும் விரிஞ்சிருக்கு. கண்ணு சும்மா கெடக்கு.

விஜயராணி: அருமை. முதல் நாள் இதுல எத்தனை தடவை தப்பு விட்டீங்க, ஞாபகம் இருக்கா?

நல்லையா: இத மட்டும் நீங்க சொல்லிக் குடுக்காம இருந்திருக்கலாம் டீச்சர்.

விஜயராணி: ஏன் ஐயா?

நல்லையா: முன்னெல்லாம் மருமக சோறு போடுவா. 'சாப்பிடுங்க மாமா'ன்னு சிரிப்பா. எனக்கு அது போதும். வயிறு நெறையத் திம்பேன். 'இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா'ம்பேன். நீங்க இந்த ஒப்புச் சிரிப்பு பாடம் எடுத்தீங்க பாருங்க... மறுநாள் மத்தியானம் தட்டு வைக்கிறா, சிரிக்கிறா. நான் கண்ணப் பாத்துட்டேன்.

விஜயராணி: பாத்துட்டு?

நல்லையா: அப்புறம் நான் ரசம் கேக்கல.

விஜயராணி: வேலை அலுப்பா இருந்திருக்கும் ஐயா. நாலு ரூம் கூட்டி, பெட்ஷீட் துவைச்சு...

நல்லையா: அலுப்புன்னா இமை தொங்கும். நீங்கதானே சொன்னீங்க. இது அது இல்ல.

விஜயராணி: ஒரு நாள் பாத்ததை வச்சு...

நல்லையா: ஒரு நாளா? அதுக்கப்புறம் பாக்காம இருக்க முடியுதா? யோகராஜு மூஞ்சியும் அப்புடித்தான். நான் ரூமுக்குள்ள நுழைஞ்சா பேச்சு நிக்கும். பேச்சு நின்னதுகூட எனக்கு முன்ன தெரியாது. வீட்டு நாயப் பாத்து நல்லாச் சிரிக்கிறான் டீச்சர். எனக்குத் தாங்கல.

விஜயராணி: அவர்கிட்ட நேரா கேட்டீங்களா?

நல்லையா: என்னன்னு கேக்க? உன் மூஞ்சி சரியில்லன்னா?

விஜயராணி: ...டெஸ்ட் முடிஞ்சுது ஐயா. ரிசல்ட் வருது. கொஞ்சம்...

நல்லையா: எத்தன தப்பு?

விஜயராணி: ஒண்ணுகூட இல்ல. எல்லாம் சரி.

நல்லையா: ஒண்ணுகூடவா? நல்லாப் பாருங்க.

விஜயராணி: பாத்துட்டேன். இந்த கிளாஸ்ல யாரும் இப்படி எடுத்ததில்ல. ஏன், சந்தோசமில்லையா?

நல்லையா: மெஷின் தப்பாக் காட்டாதா?

விஜயராணி: காட்டாது ஐயா. நீங்க பாஸ்.

நல்லையா: அப்ப யோகராஜுக்குப் போனப் போட்டுச் சொல்லுங்க. வாசல்ல நாற்காலி போடட்டும்.

விஜயராணி: ...போடுறேன்.

நல்லையா: போடுங்க.

விஜயராணி: கெடைக்கல... மூட்டமா இருக்குல்ல, டவர் எடுக்காது. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?

நல்லையா: நீங்க நம்பரே அமுக்கல டீச்சர்.

விஜயராணி: அமுக்கினேனே ஐயா...

நல்லையா: உங்க புருவம் நடுவுல மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குது. கீழுதட்ட உள்ள இழுத்துக் கடிக்கிறீங்க. இந்தப் போட்டோ டேப்லெட்டுல இல்லையே. இதுக்கு என்ன பேரு? இரக்கமா?

விஜயராணி: ஐயா, ப்ளீஸ்...

நல்லையா: மாடியில எனக்கு எந்த ரூமு?

விஜயராணி: யார்... யாரு சொன்னா?

நல்லையா: யாரும் சொல்லல.

விஜயராணி: எனக்கே காலையிலதான் தெரியும். உங்க துணிமணியெல்லாம் ஆபீஸ்ல வச்சுட்டுப் போயிட்டாரு. சிலிண்டர்னு சொன்னது... 'நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க மேடம்'னாரு. டெஸ்ட் முடியட்டும், பாஸான சந்தோசத்துல சொல்லிரலாம்னு நெனச்சேன். வாய் வரல. என்னை மன்னிச்சிருங்க ஐயா.

நல்லையா: நீங்க அழாதீங்க. எனக்கு வீட்டுலயே தெரியும்.

விஜயராணி: தெரிஞ்சுமா வண்டியில ஏறினீங்க? தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் உக்காந்து ஒவ்வொரு முகமாச் சொன்னீங்க?

நல்லையா: ஒண்ணு ரெண்டாவது தப்பாப் போகும்னு பாத்தேன். தப்பாப் போனா, காலையில நான் பாத்ததும் தப்பா இருக்கும்ல.

விஜயராணி: காலையில என்ன பாத்தீங்க?

நல்லையா: மணிமேகலை வாசல் வரைக்கும் வந்து 'போயிட்டு வாங்க மாமா'ன்னா. சிரிச்சா டீச்சர். வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து என்னப் பாத்து மொத தடவையா... அவ கண்ணும் சேந்து சிரிச்சுச்சு.