கூட்டப்பொட்டல் குளக்கரைக் கல்லும் எங்கள் அத்தானும்

விலைவாசி எவ்வளவு ஏறினாலும் முகத்தில் சிரிப்பு இறங்காத மளிகைக்கடை வேந்தர், விழாத் தலைவர் பீர் மைதீன் அண்ணாச்சி அவர்களே! வெற்றிலையால் வாய் சிவந்து, வெயிலால் தலை வெளுத்து, முன்வரிசையைப் போரிட்டுக் கைப்பற்றியிருக்கும் பெரியோர்களே! கூட்டப்பொட்டலின் குலவிளக்குகளே, தாய்மார்களே! வேலியின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் வருங்காலமே, பைய இறங்கு, முள் குத்தும்! உங்கள் அனைவருக்கும் உச்சந்தலை தொடங்கி உள்ளங்கால் வரை நிறைந்திருக்கும் என் வணக்கத்தை வாரி இறைக்கிறேன்.

நான் யார்? இதோ மேடையில் கடுகடுவென்று வீற்றிருக்கிறாரே பேராசிரியர் அம்பலவாணன், அவருடைய மனைவி பிரம்மநாயகியின் தம்பி. அதாவது, சோற்றுக்கு நடுவிலும் வரலாறு கேட்டு, இன்னும் உயிரோடிருக்கும் ஒரே மைத்துனன். என் அத்தான் பாளையங்கோட்டைக் கல்லூரியில் பாண்டியன் படையெடுப்பை நடத்தினால், கடைசி பெஞ்சு வரை குதிரைச் சாணம் மணக்கும்! யானைப்படை வந்துவிட்டால், மாணவர்கள் வாசல்பக்கமாக ஒதுங்கி வழிவிடுவார்கள்!

யாரு அங்கன, "சுருக்கா முடியும் வே"ன்னு சத்தம் போடுதது? சோறு இன்னும் வேகல, இருலே!

அப்படிப்பட்ட என் அத்தான் ஏன் இன்று கடுகடுவென்று இருக்கிறார்? பட்டுத்துணி போர்த்தி நிற்கிறதே இந்தக் கல், இதுதான் காரணம். குளத்துக்கு அவர் பெயரை வைத்துக் கல் நடப்போகிறோம் என்று பீர் மைதீன் அண்ணாச்சி போன மாதம் போய்ச் சொன்னார். அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அண்ணாச்சி, முந்நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் அந்தக் கல்லைப் படிப்பான். குளத்தை வெட்டினது அம்பலவாணன்னு ஆராய்ச்சி எழுதுவான். வெட்டினது நீங்க! ஊரான் வேலைக்கெல்லாம் தன் பேரைப் போட்டுக்கிட்ட ராசாக்களை ஆயுசு பூரா ஏசினவன் நான். எனக்கே ஒரு பொய்க் கல்வெட்டா? அது நின்னா, நான் உங்க ஊர்ப்பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்!"

வராவிட்டால் என்ன ஆகும்? ஞாயிறுதோறும் வள்ளியூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்ட நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாரே, அது நிற்கும். கல் வேண்டுமா? வாத்தியார் வேண்டுமா? ஒரு மாதமாக ஊர் உறங்கவில்லை, ஐயா, உறங்கவில்லை! இன்றுகூட என் அக்காள் பிடித்து இழுத்து வந்ததால்தான் அவர் மேடையில் இருக்கிறார்.

ஆகவே இந்தக் குளத்தின் மெய்யான வரலாற்றை, மெய்யைத் தவிர வேறெதையும் பேசியறியாத நான்… ஏம்மா சிரிக்கிய? இன்னைக்கு ஒரு நாள் நம்புங்க!

தொண்ணூற்று நான்கு, புரட்டாசி. தாமிரபரணியில் முங்கி எழுந்தாலன்றிக் காப்பி குடிக்காத என் அத்தான், கல்லூரிப் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு இந்த வறண்ட சீமைக்கு வந்தார். குளமா இருந்தது இது? ஆடு விழுந்தால் அடிபடாத அளவுக்கு மேடு தட்டிக் கிடந்தது! ஐப்பசி மழைக்குள் தூர்வார வேண்டும். தவறினால் அடுத்த ஆண்டும் நம் பெண்கள் குடத்தோடு நடையாய் நடக்க வேண்டும். மாணவர் வெட்ட, மங்கையர் சுமக்க, மண் பறந்தது. அப்போது மண்வெட்டியில் இடித்தது ஒரு பானை!

"நிறுத்துங்க! முதுமக்கள் தாழி!" என்று அத்தான் போட்ட கூச்சலில் குலசேகரன்பட்டினத்துக் கடல் இரண்டு அடி உள்வாங்கியது. யாரும் அருகில் வரக்கூடாது என்று கயிறு கட்டினார். பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷை வைத்து, பச்சைக் குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல் மண்ணைத் தட்டினார். வேலை நின்றது. மேற்கே மேகம் கூடியது. இதோ உங்கள் நடுவில் இருக்கிறாரே கமர் நிஷா அக்கா, அவர் பெண்கள் படையோடு வந்து கயிற்றடியில் நின்றார்.

"ஏ வாத்தியாரே! செத்தவன் பானைக்குக் காவல் இருக்கீரே, உசிரோட இருக்க எங்க பானைக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

"பொறும்மா, உள்ள என்ன இருக்குன்னு பாத்துருதேன்."

"உள்ள உம்ம மூளைதான் இருக்கும், எடுத்து மாட்டிக்கிடும்!"

அக்கா, முகத்தை மூடாதிய. வரலாறுன்னா எல்லாந்தான் வரும்!

மறுநாள் அந்தி. பள்ளத்தில் அவர் ஒருவரே. பானைக்குள் கையை விட்டார். கிடைத்தது மணியா? இல்லை. வாளா? இல்லை. பொன்முடியா? இல்லவே இல்லை. பிளாஸ்டிக் சோப்பு டப்பா!

ஒருவரும் பார்க்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஆய்வு முடிந்தது, தோண்டுங்கள்" என்றிருந்தால் எவனுக்குத் தெரியும்? நானாக இருந்தால் டப்பாவை விழுங்கியிருப்பேன். அவர் என்ன செய்தார்? டப்பாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஏறினார்.

"எல்லாரும் வாங்க! நான் தப்புப் பண்ணிட்டேன். இது தாழி இல்ல. உங்க வேலையைக் கெடுத்துட்டேன்" என்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். மண்கூடையைத் தலையில் வைத்தார். முதல் தூறல் விழும்வரை இறக்கவில்லை. குளம் நிறைந்தது, பெரியோர்களே! நம் வீட்டுக் குடங்கள் நிறைந்தன, தாய்மார்களே!

இமயத்தில் கொடி நட்டேன் என்று எழுதிய மன்னன் உண்டு. கடல் கடந்து வென்றேன் என்று எழுதிய மன்னன் உண்டு. நான் தவறினேன் என்று எழுதிய மன்னன் உண்டா? உண்டா? சங்கிலிபூதத்தான், நீ கொத்தின கல்தானே, துணியை எடுலே! அத்தான், எழுந்து போகாதிய. படிக்கேன், கேளுங்க:

"நன்மை வளர்க! கூட்டப்பொட்டல் குளம் தூர்ந்து கிடக்க, கல்லூரிப் பிள்ளைகளும் ஊராரும் மண்ணெடுக்க, ஊடே ஒரு பானை தோன்ற, பேராசிரியர் அம்பலவாணன் அதனைத் தாழியென மயங்கி வேலை தடுக்க, கமர் நிஷா முதலாய பெண்டிர் ஏச, உள்ளே சோப்பு டப்பா கிடைக்க, அவர் தம் பிழையைத் தாமே ஊர்கூட்டிச் சொல்லி மண் சுமக்க, மழைக்குமுன் வேலை முடிந்தது. வெட்டியவர் பிள்ளைகளும் ஊராரும். இது மெய்."

இதில் பொய் உண்டா, அத்தான்? என்ன, மைக் வேணுமா? இந்தாங்க.

"டப்பாவுக்கு மூடி இல்ல. அது விட்டுப்போச்சு."

கேட்டீர்களா! சங்கிலிபூதத்தான், இடம் இருக்காலே?

"ஓரத்துல இருக்கு அண்ணாச்சி, கொத்திருதேன்."

இன்னும் ஏதோ சொல்கிறார், சத்தம் போடாதிய!

"வர்ற ஞாயித்துக்கிழமை பாடம் இந்தக் கல்லுதான். எல்லாரும் படிச்சிட்டு வரணும்."

வருகிறாராம், தாய்மார்களே, வருகிறாராம்! கை வலிக்கத் தட்டுங்கள்! கல் சுமந்த தோள்களுக்கும், ஒலிபெருக்கி கட்டிய தம்பிக்கும், இவ்வளவையும் பொறுத்துக்கொண்ட உங்கள் காதுகளுக்கும் என் நன்றி. வணக்கம்! பீர் மைதீன் அண்ணாச்சி, இலையைப் போடச் சொல்லுங்க!