சுவிட்ச் பெட்டியில் பூட்டு இல்லை

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் குறைவு. முன்பெல்லாம் இதற்கே டம்ளரைச் சுவரில் அடித்திருப்பேன். இப்போது நான் அப்படி இல்லை.

சோப்புக் கம்பெனியில் எனக்குச் சிடுமூஞ்சி என்று பட்டப்பெயர். நேரே சொல்ல ஒருவனுக்கும் தைரியம் கிடையாது. இருக்கட்டும். அங்கே கலவை மெஷினை என்னைவிட அறிந்தவர் யாரும் இல்லை. சூப்பர்வைசர் இடம் காலியானதும், அது எனக்குத்தான் என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லி வைத்துவிட்டாள். கிடைத்தது தம்பிக்கு. கூடப் பிறந்தவன் இல்லை. எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவன், வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிறவன்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வேலை உங்களுக்கு அத்துப்படி. ஆனா மனுஷங்க மனசுதான் புரியலையே" என்றார். உணர்வுகளைக் கையாளும் பயிற்சி என்று ஒரு வகுப்புக்கு அனுப்பினார். என் பெயரைக் கொடுத்தது யார் தெரியுமா? தம்பிதான். "உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்ணே" என்று சிரித்தான். என் இடத்தையும் பிடுங்கிக்கொண்டு எனக்கே வைத்தியமும் பார்க்கிறான். வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

வகுப்பைக் குறை சொல்ல முடியாது. டீச்சரம்மா கெட்டிக்காரர். கோபம் வந்தால் மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள், அப்புறம் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்றார். கூட வேலை செய்கிறவர்களைக் கவனியுங்கள், எந்தச் சொல்லுக்கு யார் சுருங்கிப்போகிறார் என்று பாருங்கள் என்றார். நானும் பார்க்க ஆரம்பித்தேன்.

எங்கள் மெஷினுக்குள் காய்ந்துபோன சோப்பைச் சுரண்டியால் எடுக்க ஆள் இறங்க வேண்டும். இறங்குகிறவன் தன் பூட்டை சுவிட்ச் பெட்டியில் மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவான். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான். தொங்காவிட்டால் மெஷினை ஓட்டலாம். தம்பி ஒழுங்கானவன்தான். ஆனால் நாலு பேர் முன்னால் மானம் போனால் அவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. முன்பு ஒருமுறை மேனேஜர் திட்டியபோது பூட்டு மாட்டாமலே இறங்கிவிட்டான். அன்று என் பூட்டை மாட்டி அவனைக் காப்பாற்றியவன் நான். யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை.

போன வாரம் டீ வேளையில், எல்லாரும் கூடியிருக்கும்போது தேனாகப் பேசினேன். "பாவம், தம்பியப் போய் இறங்கச் சொல்லாதீங்கப்பா. சிபாரிசுல வந்தவருக்கு சுரண்டிய எந்தப் பக்கம் பிடிக்கணும்னு எப்படித் தெரியும்?"

விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் முகம் செத்துப்போனது. மற்றவர்கள் கை கழுவப் போனதும் சுரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். அவன் பூட்டு மேஜையிலேயே கிடந்தது.

அவன் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டான் என நினைத்து மெஷினை ஓட்டினேன் என்றுதான் முதலில் உங்களிடம் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். அப்படியே விட்டிருப்பேன். துக்கம் கேட்கப் போன இடத்தில் அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அவசர புத்தி ஊருக்கே தெரியும். வேணும்னேவா செஞ்சீங்க? நான் மன்னிச்சுட்டேன்ணே" என்று அழுதாள்.

மன்னிப்பாம். அவசர புத்தியாம். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் மறுபடி ஸ்டேஷனுக்கு வந்தேன்.

சரியாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. உள்ளே அவன் சுரண்டுகிற சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. "அண்ணே, அந்த டார்ச்சக் கொஞ்சம் குடுங்க" என்று கூப்பிடவும் செய்தான். என் பூட்டு என் இடுப்பில்தான் இருந்தது. நான் மூச்சை ஆழமாக இழுத்தேன். மெதுவாக விட்டேன். அப்புறம்தான் சுவிட்சை அழுத்தினேன்.

கோபத்தில் செய்கிறவன் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டா நிற்பான்?