படி இல்லாத சறுக்கு

"ஸ்கூல்ல வெக்கப்போற சறுக்குமரத்துக்குப் படியே வேணாம் டீச்சர்."

மாலை பாசஞ்சர் பொன்னேரியில் வெகுநேரமாக நின்றிருந்தது. வெயில்கூட அலுத்துப்போய் ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தது. என் எதிரே நாளெல்லாம் வயலில் நின்ற முகத்தோடு ஓர் அம்மா. பக்கத்தில், கண்ணை மூடியபடி, அவள் மகளின் ஆரம்பப் பள்ளி டீச்சர்.

"படி இல்லாம பிள்ளைங்க எப்படிம்மா ஏறும்?"

"ஏரி வத்திப்போச்சி. அங்கேர்ந்து எங்க வண்டி வயலுக்கு மண்ணடிக்கும்போது, ஸ்கூல்லயும் நாலு நடை மேடா கொட்டிட்டுப் போவும். சறுக்க அந்த மேட்டு மேலயே சாய்ச்சி வெச்சிடலாம். எம்பொண்ணு தவழ்ந்துகினே ஏறிடுவா. போலியோ கால வெச்சிகினு இன்னா படி ஏறுவா?"

"மத்த பசங்க விளையாடும்போது அவ சும்மா உக்கார வேணாம்னுதானே, எல்லார் பையையும் பாத்துக்கற வேலைய அவளுக்குக் குடுத்தேன்."

"ஊட்ல ஆடு காக்குறா, அங்க பை காக்குறா. அதான் இனிமே ஸ்கூலுக்கே வரலன்றா. சொல்லிச் சொல்லி நானும் பேஜாராயிட்டேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"மேடு போட்டா பசங்க சும்மா இருக்குமா? ஓடியாந்து அவளப் புடிச்சித் தள்ளிடும்மா."

"தள்ளட்டும் டீச்சர். இதுவரைக்கும் அவள ஒருத்தரும் தள்ளினதே இல்ல."